ஒரே பெயர், இரண்டு வேகம்: பிரிஸ்டல் இசைத் தயாரிப்பாளர் ஒருவரின் வெளியீடுகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2010ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2015 வரை, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஓர் இசைத் தயாரிப்பாளரின் வெளியீடுகள் எப்படித் திட்டமிடப்பட்டன, எங்கே தடுமாறின, பிறகு எப்படிச் சீர்செய்யப்பட்டன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் டப்ஸ்டெப் செய்தார்; ஆழமான தாழ் ஒலியை, அதாவது பேஸை, நம்பி நிற்கும் மின்னணு நடன இசை அது. ராப்பர்கள் மேலே பாடக்கூடிய பின்னணி இசைகளான ஹிப் ஹாப் பீட்டுகளும் செய்தார். இரண்டையும் ஒரே அறையில், ஒரே கணினியில், பல சமயம் ஒரே இரவில். அவருடைய இசையை வெளியிட்ட லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், இருவர் இருந்தோம். இசையைத் தேர்ந்தெடுத்துப் பணம் போட்டவர் உரிமையாளர். வினைல் இசைத்தட்டு அச்சிடும் ஆலை, விநியோகஸ்தர், உரிமப் படிவங்கள், கணக்கு ஆகியவை என் பொறுப்பு. சம்பந்தப்பட்ட எவரின் பெயரும் இதில் இல்லை. பெயர் தெரியாமலே இந்த அனுபவம் பிறருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிஸ்டலின் செயின்ட் பால்ஸ் பகுதியில் குடியேறிய ஜமைக்கக் குடும்பங்கள் தங்களோடு சவுண்ட் சிஸ்டம் பண்பாட்டையும் கொண்டுவந்தன. ஆளுயரப் பேஸ் பெட்டிகள், தெருவிழா, ரெகே, ரெகேயிலிருந்து பாடலைக் குறைத்து பேஸையும் எதிரொலியையும் முன்னிறுத்தும் டப். அந்தப் பகுதியின் கார்னிவல் 1968இல் தொடங்கியது. 1980களில் அதே ஊரில் வைல்ட் பஞ்ச் என்ற சவுண்ட் சிஸ்டம் குழு ரெகேயையும் ஹிப் ஹாப்பையும் ஒரே பெட்டிகளில் ஒலிக்கவிட்டது. புகழ்பெற்ற மாசிவ் அட்டாக் இசைக்குழு அந்தக் குழுவிலிருந்து பிறந்ததுதான். எனவே பிரிஸ்டலில் வளர்ந்த ஒருவருக்கு மெதுவான கனத்த டிரம்மும் ஆழமான பேஸும் ஒரே மரபின் சொத்து. டப்ஸ்டெப் செய்கிறவர் ஹிப் ஹாப் பீட்டும் செய்வது அங்கே இயல்பான காரியம்.

டப்ஸ்டெப் பிறந்த இடம் தெற்கு லண்டன், குறிப்பாக குரோய்டன். அங்கே சர்ரே ஸ்ட்ரீட்டில் இருந்த பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் கடையைச் சுற்றி வளர்ந்த இளைஞர்கள் யூகே கராஜ் என்ற நடன இசையிலிருந்து பாடலைக் கழற்றிவிட்டு, பேஸையும் இடைவெளியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2001இல் லண்டனில் ஃபார்வர்ட் என்ற இரவு நிகழ்ச்சி தொடங்கியது. 2005இல் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் என்ற இன்னொரு இரவு நிகழ்ச்சி தொடங்கியது. 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1இல் தொகுப்பாளர் மேரி ஆன் ஹாப்ஸ் இந்த இசைக்கென்றே ஒரு நிகழ்ச்சியை ஒதுக்கினார். அதன் பிறகு அது உலகெங்கும் பரவியது. பிரிஸ்டலில் பின்ச் என்ற டிஜே 2005இலேயே டெக்டானிக் லேபிளைத் தொடங்கியிருந்தார். நாங்கள் வேலையைத் தொடங்கியபோது இந்த ஊருக்கு டப்ஸ்டெப் புதிதல்ல.

ஒரு தொழில்நுட்ப விவரத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கின்றன. டப்ஸ்டெப் ஏறக்குறைய 140 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 140 துடிப்பாக, ஓடும். ஆனால் ஸ்நேர் என்ற முரசடி நான்கில் மூன்றாம் துடிப்பில் மட்டும் விழுவதால் உடல் அதை 70ஆகவே உணரும். ஹிப் ஹாப் பீட்டுகளுக்கு அப்படி ஒரு பொது வேகம் கிடையாது. இவருடையவை 84க்கும் 90க்கும் இடையில் இருந்தன. காதுக்கு இரண்டும் உறவினர்கள். எண்ணில் அவை சேர்வதில்லை.

முதல் தட்டு

2010 இலையுதிர்காலத்தில் வெளிவந்தது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 45 சுழற்சி, பக்கத்துக்கு ஒரு டப்ஸ்டெப். சில நூறு பிரதிகள் அச்சிட்டோம். சில மாதங்களில் தீர்ந்தன. அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை, ஒன்றைத் தவிர. அந்த இரண்டு இசைகளும் தட்டாக அச்சேறுவதற்கு முன்பு நெடுங்காலம் டப்பிளேட்டாகச் சுற்றியிருந்தன. டப்பிளேட் என்பது அலுமினியத் தகட்டின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு பூசி, அதில் நேரடியாக ஊசி ஓடும் வரி வெட்டிய ஒற்றைப் பிரதி. ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் அது கொஞ்சம் தேயும். அதற்காகப் பணம் கொடுத்து வெட்டிக்கொண்ட டிஜேக்கள் அதை அரங்குகளில் வாசித்தார்கள். எந்த இடத்தில் கூட்டம் கத்தியது, எந்த இடத்தில் பேஸ் சுவரில் மோதிக் கலங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கேற்ப மூன்று நான்கு முறை கலவையைத் திருத்தினார். தட்டு கடைக்குப் போனபோது அது ஏற்கெனவே தேறிய இசை.

இரண்டாம் தட்டு

முதல் தட்டின் வெற்றியால் துணிவு வந்தது. இரண்டாவதில் தன்னுடைய இரண்டு முகங்களும் தெரிய வேண்டும் என்று அவர் விரும்பினார். உரிமையாளரும் ஒத்துக்கொண்டார். 2011 வசந்தத்தில் வெளிவந்த அந்தத் தட்டின் முதல் பக்கத்தில் 45 சுழற்சியில் ஒரு டப்ஸ்டெப். மறுபக்கத்தில் 33 சுழற்சியில் மூன்று பீட்டுகள். பீட்டுகள் அருமையானவை. அதில் ஒன்றை இன்றைக்கும் அவருடைய ஆகச் சிறந்த வேலையாக நினைக்கிறேன். சோல் என்ற அமெரிக்கப் பாடல் வகையின் ஒரு பழைய தட்டிலிருந்து எடுத்த வயலின் கூட்டம் பின்னணியில் அலைபோல் எழுந்து விழும். டிரம் அதைத் தொடாமல் சற்றுப் பின்தங்கியே நடக்கும்.

தட்டு போகவில்லை. விநியோகஸ்தரிடமிருந்து கணிசமான பிரதிகள் திரும்பி வந்தன. அந்த ஆண்டின் கோடையையும் இலையுதிர்காலத்தையும், ஏன் போகவில்லை என்று கண்டுபிடிப்பதிலேயே செலவிட்டோம்.

கவனித்தவை

முதலில் கடைகள். எந்த அடுக்கில் வைப்பது என்று கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. டப்ஸ்டெப் அடுக்கில் வைத்தவர்கள் பாதித் தட்டை விற்க முடியவில்லை என்றார்கள். ஹிப் ஹாப் அடுக்கில் வைத்த இடங்களில், ஒரு பக்கம் முழுக்க 140இல் ஓடும் தட்டை யாரும் எடுக்கவில்லை. பிரிஸ்டலில் குளோஸ்டர் ரோட்டில் இருந்த ரூட்டட் ரெக்கார்ட்ஸ் போன்ற கடை என்றால், கவுன்டரில் நிற்பவரே உறையிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் ஒலிக்கவிட்டு விளக்கியிருப்பார். அது 2010இல் மூடப்பட்டுவிட்டது. தூரத்துக் கடைகளில் எங்கள் தட்டுக்காகப் பேச ஆள் இல்லை.

அடுத்தது டிஜேக்கள். அவர்கள் பீட்டுப் பக்கத்தை வாசிக்காததற்கு ரசனை காரணம் என்று முதலில் எண்ணினோம். காரணம் கணக்கில் இருந்தது. அரங்குகளில் நிலையாக இருக்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 சுழல்மேசையில் வேகத்தை மேலும் கீழும் 8 சதவீதம்தான் மாற்ற முடியும். 140இல் ஓடும் தட்டை முழுதும் ஏற்றினால் 151.2, பாதிக் கணக்கில் 75.6. 84இல் ஓடும் பீட்டை முழுதும் இறக்கினாலும் 77.3. இரண்டு தட்டுகளையும் எல்லை வரை இழுத்தாலும் அவை ஒன்றோடொன்று ஒட்டாது. இடைவெளி இல்லாமல் கலந்துகொண்டே போக வேண்டிய டிஜே, அந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டுமென்றால் இசையை நிறுத்த வேண்டும். ஆட்டம் நடக்கும் நள்ளிரவில் யார் நிறுத்துவார்?

சுழற்சி வேக வேறுபாடும் தொல்லை கொடுத்தது. முதல் பக்கம் 45, மறுபக்கம் 33 என்று தட்டின் நடுவில் ஒட்டும் தாளில் சிறிய எழுத்தில் போட்டிருந்தோம். இருட்டில் அதை யாரும் படிப்பதில்லை. 87இல் செய்த பீட்டை 45இல் ஓட்டினால் அது 117 பிபிஎம்முக்குமேல் போய்விடும், வயலின்கள் கீச்சிடும். அப்படிக் கேட்டுவிட்டு, இது என்ன இசை என்று ஒதுக்கியவர்களைப் பின்னால் சந்தித்தோம்.

பிறகு வெட்டின் தரம். மூன்று பீட்டுகளில் கடைசியானது தட்டின் உட்புறத்தில் இருந்தது. 33 சுழற்சியில் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே வரி விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நகர்கிறது. மையத்தை நெருங்கும்போது அது 21 ஆகக் குறைந்துவிடுகிறது. அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால் ஹை ஹாட் என்ற தாளத்தட்டு போன்ற மேல் ஒலிகள் மங்குகின்றன. வயலின் பீட்டு அந்தக் கடைசி இடத்தில்தான் இருந்தது.

ஐந்தாவது கவனிப்பு எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. இணையக் கடைகளில் எங்கள் இசையின் மாதிரித் துணுக்குகளை மக்கள் மடிக்கணினியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டார்கள். டப்ஸ்டெப்பின் உயிரான 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை அந்த ஒலிபெருக்கி எழுப்பவே எழுப்பாது. கேட்டவருக்குக் கிடைத்தது தனியாக ஒரு ஸ்நேரும் எதிரொலியும் மட்டுமே. பீட்டுகளோ அதே சிறு ஒலிபெருக்கியில் முழுமையாகக் கேட்டன. அதன் விளைவு கணக்கில் தெளிவாகத் தெரிந்தது. தட்டு விற்றதற்கு டப்ஸ்டெப்தான் காரணம். டிஜிட்டல் கோப்பாக விற்றதில் பீட்டுகள் முந்தின. ஒரே வெளியீட்டுக்குள் இரண்டு வெவ்வேறு கூட்டங்கள், இரண்டு வெவ்வேறு இடங்களில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தன.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வேர் பிடிபட்டது. டப்ஸ்டெப் தடங்கள் டப்பிளேட்டாக அரங்கில் சோதிக்கப்பட்டவை. பீட்டுகள் எந்தச் சோதனைக்கும் போகவில்லை. டப்பிளேட் வெட்டவில்லை, ஏனென்றால் அரங்கில் அவற்றுக்கு இடமில்லை. பீட்டுக்கான சோதனைக் களம் வேறு: ஒரு ராப்பர் அதன் மேல் வரி பாடிப் பார்ப்பது, யாரோ ஒருவர் பஸ்ஸில் ஹெட்போனில் நாற்பது நிமிடம் தொடர்ந்து கேட்பது. லாஸ் ஏஞ்சலஸில் 2006 முதல் நடந்துவந்த லோ எண்ட் தியரி போன்ற நிகழ்ச்சி, பீட்டுகளை மட்டுமே பெரிய பெட்டிகளில் வைத்துக் கேட்கும் ஒரு கூட்டத்தை உருவாக்கியிருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு வாராந்தரக் களம் அன்று இல்லை. டப்ஸ்டெப்புக்கான பாதையில் பீட்டுகளையும் தள்ளிவிட்டு, அவை நடக்கவில்லை என்று நாங்கள் வருந்திக்கொண்டிருந்தோம்.

வெளிச்சூழலும் அப்போது மாறிக்கொண்டிருந்தது. 2010 இறுதியிலிருந்து அமெரிக்காவில் ஸ்கிரில்லெக்ஸ் போன்றோரின் இசை பெரும் அரங்குகளை நிரப்பியது. 2012 பிப்ரவரியில் அவர் மூன்று கிராமி விருதுகளை வென்றார். அந்த இசை நடுத்தர அலைவரிசையில் உறுமும் இசை; பேஸ் காதுக்கு முன்னால் வந்து நிற்கும். எங்களவருடையது அடியில் அமர்ந்து காத்திருக்கும் இசை. டப்ஸ்டெப் என்ற பெயரைப் பார்த்து வந்த புதியவர்கள் ஏமாந்து போனார்கள். பழையவர்களோ அந்தப் பெயரைக் கேட்டாலே விலகத் தொடங்கினார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு மரபுக்குள் இடம்பிடித்தவருக்கு இது வலித்தது; அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2012 தொடக்கத்தில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். முதல் கேள்வி பெயர். இரண்டு இசைக்கும் இரண்டு பெயர் வைத்துக்கொள்வது இந்த உலகில் பழக்கமான வழி. உரிமையாளர் அதைத்தான் விரும்பினார்: கடைக்காரருக்குக் குழப்பம் தீரும், தேடுபவருக்கும் எளிது. இசைத் தயாரிப்பாளர் மறுத்தார். இரண்டும் தன் ஒரே கையிலிருந்து வருகின்றன, ஒன்றில் கற்றதை இன்னொன்றில் செலவிடுகிறேன், பிரித்தால் இரண்டும் மெலியும் என்பது அவர் வாதம். நான் அவர் பக்கம் நின்றேன். அவருடைய டப்ஸ்டெப்பில் ஸ்நேர் சற்றுத் தாமதித்து விழும் அழகு ஹிப் ஹாப்பிலிருந்து வந்தது. பீட்டுகளில் இருந்த வெறுமையும் எதிரொலியும் டப்பிலிருந்து வந்தவை. கேட்பவர் இந்த உறவைக் கண்டுகொள்ள வேண்டுமானால் பெயர் ஒன்றாகவே இருக்க வேண்டும். பெயரைப் பிரிக்காமல் வடிவத்தைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. டப்ஸ்டெப் 12 அங்குலத் தட்டாக, 45 சுழற்சியில் மட்டும் வரும். பீட்டுகள் கேசட்டாகவும் டிஜிட்டலாகவும், நாற்பது நிமிடம் இடைவெளியின்றிக் கேட்கும் ஒரே தொகுப்பாக வரும். பட்டியல் எண்களின் முன்னெழுத்துகளும் வேறு வேறு.

கேசட் ஏன் என்று பலர் கேட்டார்கள். அதில் பழமை மீதான ஏக்கம் எதுவும் இல்லை. சிறிய எண்ணிக்கையில் குறைந்த செலவில் செய்யலாம், சில வாரங்களில் கைக்கு வரும், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் தாராளமாக இடம் இருக்கும். உட்புற வரியில் மேல் ஒலி மங்கும் சிக்கலும் அதில் கிடையாது. ஆழ்ந்த பேஸைக் கேசட் நன்றாகத் தாங்காது என்பது உண்மை. ஆனால் இந்தப் பீட்டுகள் அதை நம்பி நிற்கவில்லை. டிஜிட்டலை பேண்ட்கேம்ப் என்ற இணையதளம் வழியாக நேரடியாக விற்றோம். அது விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். பணம் செலுத்தும் சேவையின் கட்டணம் போக மீதி எங்களிடம் வரும். தட்டில் விநியோகஸ்தர், கடை, ஆலை எல்லோருக்கும் போக மிஞ்சுவதோடு ஒப்பிட்டால் இந்தக் கணக்கு மிக எளிமையானது.

இரண்டாவது முடிவு மாஸ்டரிங், அதாவது கலந்து முடித்த இசையை வெளியீட்டுக்கு இறுதியாகச் செப்பனிடும் வேலை. ஒரே இசைக்கு ஒரே மாஸ்டர் என்ற வழக்கத்தை விட்டோம். தட்டுக்கு வெட்டும்போது அடி ஒலிகளை நடுவில் ஒருமுகப்படுத்த வேண்டும். இடமும் வலமும் வேறுபட்டால் ஊசி வரியைவிட்டுத் துள்ளும். டிஜிட்டலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மாதிரித் துணுக்குக்கென்று தனியாக ஒன்றும் செய்தோம். பேஸ் வரியின் மேல் ஒத்திசைவுகளை மெல்ல உயர்த்தினால், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்காவிட்டாலும் அது இருப்பதாகக் காது ஊகித்துக்கொள்ளும். மாஸ்டரிங் பொறியாளர் முதலில் தயங்கினார். விற்கும் கோப்பில் கைவைக்கப் போவதில்லை, கேட்கத் தூண்டும் துணுக்கில் மட்டும்தான் என்று சொன்ன பிறகு செய்து கொடுத்தார்.

மூன்றாவது முடிவு பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். டிஜேக்களால் கலக்க முடியவில்லை என்றால் பீட்டுகளின் வேகத்தை 70க்கு இறக்கிவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். கணினியில் ஓர் எண்ணை மாற்றும் வேலைதான். இசைத் தயாரிப்பாளர் ஏற்கவில்லை; அவர் சொன்ன காரணம் சரியானது. ஹிப் ஹாப் பீட்டின் நடை, பதினாறில் ஒரு பங்கான சிறு துடிப்புகளில் இரண்டாவது எவ்வளவு பிந்துகிறது என்பதில் இருக்கிறது. பீட்டு செய்யும் எம்பிசி இயந்திரங்களின் காலத்திலிருந்து அதை ஸ்விங் சதவீதமாகக் குறிப்பது வழக்கம். 58 சதவீத ஸ்விங் 87 பிபிஎம்மில் சுமார் 28 மில்லி விநாடித் தாமதம். அதே 58 சதவீதம் 70இல் சுமார் 34 மில்லி விநாடி. ஆறு மில்லி விநாடிதானே என்று தோன்றும். கேட்டுப் பார்த்தோம்: நடந்துகொண்டிருந்த பீட்டு தள்ளாடியது. முடிந்த வேலைகளின் வேகத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தோம்.

ஆனால் ஒரு வழி கிடைத்தது, அதுவும் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. உள்ளூர் டிஜே ஒருவர், இரண்டாம் தட்டின் 90 பிபிஎம் பீட்டை 140 டப்ஸ்டெப்போடு கலந்து வாசித்ததை அரங்கில் கேட்டோம். எப்படி என்று விசாரித்தோம். 140இல் மூன்று துடிப்பு ஓடும் நேரத்தில் 93⅓ பிபிஎம்மில் சரியாக இரண்டு துடிப்பு ஓடும். 90ஐ 4 சதவீதத்துக்கும் குறைவாக ஏற்றினால் அங்கே போய்விடும். மூன்றுக்கு இரண்டு என்ற அந்தக் கணக்கில் இரண்டு இசைகளும் ஒன்றின் மேல் ஒன்று புரண்டன. சில விநாடிகள் எது எதன் தாளம் என்றே புரியவில்லை, பிறகு பீட்டு தனியே எழுந்து நின்றது. அன்றிரவே இசைத் தயாரிப்பாளர் அந்த வேகத்தில் ஒரு புதிய வேலையைத் தொடங்கினார். பழையதை வளைப்பதில்லை, புதிதாகச் செய்பவற்றில் சிலவற்றை 93⅓இல் செய்வது என்பது மூன்றாவது முடிவாயிற்று.

சாம்பிள் சிக்கல்

2013இல் கேசட் தொகுப்பைத் தயார் செய்தபோது வயலின் பீட்டு மீண்டும் முன்னால் வந்தது. அதை முதல் இசையாக வைக்க எல்லோருக்கும் ஆசை. ஒரு படத் தயாரிப்பு நிறுவனம் ஒரு குறும்படத்துக்கு அதே பீட்டைக் கேட்டிருந்தது. அவர்களின் முதல் கேள்வி: உரிமைகள் அனைத்தும் உங்களிடம் இருக்கின்றனவா?

இருக்கவில்லை. சாம்பிளை, அதாவது பிறரின் தட்டிலிருந்து எடுத்த ஒலித் துண்டை, பயன்படுத்த இரண்டு தனித்தனி அனுமதிகள் வேண்டும். ஒன்று, அந்த ஒலிப்பதிவின் உரிமையாளரிடம். மற்றொன்று, இசையமைப்பின் உரிமையாளரிடம். மூலத் தட்டு 1970களைச் சேர்ந்தது. பிரிட்டனில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்புக் காலம் 2013 நவம்பரில் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக நீட்டப்பட்டது. காத்திருந்து பயனில்லை. இத்தனை விநாடிக்குக் குறைவாக எடுத்தால் தவறில்லை என்று இந்த இசைக்காரர்களிடையே உலவும் நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. எடுத்த பகுதி மூலத்தின் முக்கியமான பகுதியா என்பதே பிரிட்டன் சட்டத்தின் கேள்வி. இங்கே அதுதான் பீட்டின் முகம்.

அனுமதி கேட்டு எழுதினோம். இசையமைப்பின் உரிமையாளர் தரப்பு பதில் தந்தது. ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே, பல கைகள் மாறியதில், தெளிவாகவில்லை. நிறுத்திவிட்டோம். இணையத்திலிருந்து அந்தப் பீட்டை இறக்கினோம், குறும்படத்துக்கு மறுப்புச் சொன்னோம். லேபிள் உரிமையாளருக்கு மனம் ஆறவில்லை. இத்தனை சிறிய வெளியீட்டை யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார். கவனிக்காத வரையில்தான் அந்த வாதம் செல்லும். ஒரு படம், ஒரு விளம்பரம், ஒரு புகழ்பெற்ற ராப்பர் என்று பீட்டு வெளியே போகத் தொடங்கும் நாளில்தான் சாம்பிள் தடுக்கும். அந்த நாளுக்காகத்தானே பீட்டையே செய்கிறோம்.

மாற்றாக, பிரிஸ்டலில் வயோலா வாசிக்கும் ஒருவரை அழைத்தோம். பழைய மெட்டை வாசித்தால் இசையமைப்பு உரிமைச் சிக்கல் தொடரும் என்பதால், வேறு சுரக்கோர்வையில் புதிதாக நான்கு அடுக்குகள் பதிந்தோம். அவருக்குரிய தொகையையும் பங்கையும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் அன்றே எழுதிக் கையெழுத்திட்டோம். புதிய பதிவைப் பழைய தேய்ந்த தட்டின் ஒலிக்கு இறக்க, ஒலியைக் குறைந்த நுட்பத்தில் பதியும் 12 பிட் சாம்பிளர் கருவி ஒன்றின் வழியாக அனுப்பினார் இசைத் தயாரிப்பாளர். முதலாவதின் சோகம் இதில் இல்லை; இதற்கென்று வேறொரு உறுதி வந்தது.

பின்விளைவு

கேசட் 2014 தொடக்கத்தில் வந்தது. சிறிய எண்ணிக்கை, சீக்கிரமே தீர்ந்தது. டிஜிட்டல் விற்பனை ஆண்டு முழுதும் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. லேபிளின் அந்த ஆண்டு வருமானத்தில் பெரிய பங்கு அதுதான். வயோலா பீட்டின் மேல் உள்ளூர் ராப்பர் ஒருவர் பாடி வெளியிட்டார். உரிமை எல்லாம் கையில் இருந்ததால் சில மின்னஞ்சல்களில் வேலை முடிந்தது. டப்ஸ்டெப் தட்டுகள் அதே சிறிய வட்டத்தில், ஆனால் திரும்பி வராமல் விற்றன. 93⅓இல் செய்த இரண்டு இசைகளையும் டிஜேக்கள் டப்பிளேட்டாகக் கேட்டு வாங்கினார்கள். ஹிப் ஹாப் பக்கத்திலிருந்து ஓர் இசை அரங்குச் சோதனைக்குப் போனது அதுவே முதல் முறை.

எல்லாம் நன்றாக முடியவில்லை. வடிவத்தைப் பிரித்ததில் ஒரு விலை இருந்தது. கேசட் வாங்கியவர்களில் பலருக்கு அவர் டப்ஸ்டெப் செய்வதே தெரியவில்லை. தட்டு வாங்கியவர்கள் கேசட்டைத் தொடவில்லை. ஒரே பெயரை வைத்துக்கொண்டதன் நோக்கம் பாதிதான் நிறைவேறியது. அதற்காகவே 2015இல் இரட்டைத் தட்டுத் தொகுப்பு ஒன்று திட்டமிட்டோம். நான்கு பக்கமும் 45 சுழற்சி, பக்கத்துக்குப் பத்து நிமிடத்துக்குள், டப்ஸ்டெப்பும் பீட்டும் கலந்து. 93⅓ இசைகளை இரண்டுக்கும் நடுவே வைத்தோம், கேட்பவர் ஒரு வேகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தடுக்காமல் போகும்படி. அமைதியான, மேல் ஒலிகள் குறைந்த இசைகளை ஒவ்வொரு பக்கத்தின் உட்புறத்தில் அமர்த்தினோம். எனக்கு அந்த வரிசை மிகவும் பிடித்திருந்தது.

அது நேரத்துக்கு வரவில்லை. 2014இல் பிரிட்டனில் வினைல் ஆல்பம் விற்பனை, 1996க்குப் பிறகு முதல் முறையாக, 10 லட்சத்தைக் கடந்திருந்தது. பெரிய நிறுவனங்கள் பழைய ஆல்பங்களை மறுபதிப்புச் செய்யத் தொடங்கியதில் ஆலைகளில் வரிசை நீண்டது. சிறிய லேபிள்களின் வேலை பின்னுக்குப் போனது. தொகுப்புக்கென ஏற்பாடு செய்திருந்த இசைப் பயணம் முடிந்த பிறகே தட்டுகள் கைக்கு வந்தன. மேடைக்குப் பக்கத்து மேசையில் விற்க வேண்டியவை தபாலில் மெதுவாகப் போயின. போட்ட முதல் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆனது. ஆனால் அதை வாங்கியவர்கள் எழுதிய கடிதங்களில் ஒன்று அடிக்கடி வந்தது: இரண்டாம் பக்கத்தில் வேகம் எங்கே மாறியது என்று தெரியவே இல்லை. இசைத் தயாரிப்பாளர் கேட்க விரும்பியதும் அதுதான்.

இனி மாற்றிச் செய்பவை

சாம்பிள் குறிப்பேடு முதலில். எந்த ஒலி எந்தத் தட்டிலிருந்து, எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பீட்டு பிறக்கும் அன்றே எழுதி வைக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து நினைவில் தேடுவது வீண். உரிமம் பெற முடியாத சாம்பிளோடு ஓர் இசையை அச்சுக்கு அனுப்புவதில்லை என்பது இப்போது லேபிளின் விதி.

பீட்டுகளையும் வெளியீட்டுக்கு முன்பு சோதிக்கிறோம். ஒரு ராப்பரிடமும், இசைத்துறை சாராத ஓரிருவரிடமும் கொடுத்து, எந்த இடத்தில் கவனம் நழுவுகிறது என்று கேட்கிறோம். டப்பிளேட் அளவுக்கு அது கண்டிப்பான சோதனை இல்லை. இருந்தாலும் 2011இல் அது இருந்திருந்தால் வயலின் பீட்டைத் தட்டின் கடைசி வரிக்குத் தள்ளியிருக்க மாட்டோம்.

ஒரே தட்டில் இரண்டு சுழற்சி வேகம் கிடையாது. ஆலையில் இடம் பதிவு செய்து தேதி கைக்கு வந்த பிறகே பயணமோ விளம்பரமோ பேசப்படும். அந்தத் தேதியோடும் சில மாதங்களைக் கூட்டிக்கொள்கிறோம். பெயரைப் பிரிப்பதா என்ற கேள்வியை உரிமையாளர் இன்னும் அவ்வப்போது எழுப்புகிறார். ஒவ்வொரு முறையும் ஒன்றே இருக்கட்டும் என்று இசைத் தயாரிப்பாளர் சொல்கிறார். அடுத்த கேசட்டின் முதல் பக்கம் முழுவதையும் 93⅓இல் செய்யப்போவதாக ஒரு குறிப்பும் அனுப்பியிருக்கிறார்.